புகையிலைச் சாற்றைக் குடித்து வாழும் பூச்சிக்கு எந்த மருந்து?

கேள்வி: கோப்பாயில் எட்டுப் பரப்புச் செம்மண் தறையில் தோட்டம் செய்கிறேன். நாலு பரப்பில் புகையிலை, மிச்சத்தில் மிளகாயும் கொஞ்சம் கத்தரியும். புகையிலைக் கொழுந்தில் அழுக்கணவன் அப்பிப் போய்க் கிடக்கிறது. மிளகாயில் வெண் ஈயும் இலைச்சுருளலும். போன முறை இமிடாகுளோபிரிட் அடித்தவுடன் அடுத்த நாளே கொட்டிப் போன அழுக்கணவன், இந்த முறை அசையவே இல்லை. மருந்து போலியோ? கடைக்காரர் அளவை இரட்டிப்பாக்கி இன்னொன்றையும் கலந்து அடிக்கச் சொல்கிறார். மாமா, அந்தக் காலம்போல் புகையிலைக் கசாயம் போதும் என்கிறார். எனக்கு விளங்காதது ஒன்று: புகையிலையே நஞ்சு. ஆடுகூட வாய் வைக்காது. அதன் சாற்றைக் குடித்து ஒரு சின்னப் பூச்சி எப்படி உயிரோடு இருக்கிறது? உறைக்கிற மிளகாயில் எப்படி இருக்கிறது? பூச்சியைத் தாங்கும் விதை ஏதும் உண்டா?

பதில்:

தம்பி, நீங்கள் கடைசியாக எழுதிய கேள்வியிலிருந்துதான் தொடங்கப் போகிறேன். நஞ்சுச் செடியில் பூச்சி எப்படி வாழ்கிறது என்பது விளங்கினால், உங்கள் மருந்து ஏன் வேலை செய்யவில்லை, அளவைக் கூட்டினால் என்ன நடக்கும், கசாயம் உதவுமா என்ற எல்லாவற்றுக்கும் விடை அதற்குள்ளேயே கிடைத்துவிடும்.

முதலில் போலி மருந்துச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். இதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை. உங்கள் வேலியில் சீமைக்கிளுவை நின்றால் அதன் கொழுந்தில் கறுப்பு அழுக்கணவன் இருக்கும். அது வேறு இனம், புகையிலையைத் தொடாத இனம். அதே போத்தலில் இருந்து, லேபிளில் உள்ள அதே அளவில் கரைத்து, சீமைக்கிளுவையின் ஒரு கொப்பிலும் புகையிலையின் பத்துச் செடியிலும் அடியுங்கள். பத்துச் செடிக்கும் நூல் கட்டி, அடிக்க முன்னும் இரண்டு நாள் கழித்தும் ஒவ்வொன்றிலும் ஓர் இலையின் அடிப்பக்கத்தை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். வேலியில் இருப்பது செத்து, புகையிலையில் இருப்பது குஞ்சும் தாயுமாக அப்படியே இருந்தால் மருந்து போலி அல்ல, பூச்சி தாங்கப் பழகிவிட்டது. இரண்டிலும் சாகாவிட்டால் போத்தலைச் சந்தேகியுங்கள். மடிந்த கொழுந்துக்குள் மட்டும் உயிரோடு இருந்தால் மருந்து அங்கே போய்ச் சேரவில்லை. மருந்து பட்ட அந்தச் சீமைக்கிளுவைக் குழையை ஆட்டுக்குப் போட வேண்டாம்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால், பூச்சி பழகிவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன். காரணத்தைச் சொல்கிறேன்.

இலையைக் கடித்துத் தின்னும் புழுவையும் சாறு உறிஞ்சும் பூச்சியையும் செடி ஒரே மாதிரிச் சந்திப்பதில்லை. செடி தன் நஞ்சில் பெரும்பகுதியைக் கலங்களுக்குள் பூட்டி வைத்திருக்கிறது. பல செடிகளில் நஞ்சின் முன்வடிவம் ஓரிடத்திலும் அதை நஞ்சாக்கும் நொதியம் இன்னோரிடத்திலும் இருக்கும். புழு கடித்துக் கலம் உடைந்தால் இரண்டும் கலந்து நஞ்சு பிறக்கும். கோவாவும் கடுகும் நசுங்கினால் வரும் அந்தக் காரமான மணம் இப்படித்தான் வருகிறது. அழுக்கணவனும் வெண் ஈயும் கலத்தை நசுக்குவதில்லை. தலைமயிரைவிட மெல்லிய வாயூசியைக் கலத்துக்கும் கலத்துக்கும் நடுவே, இரண்டு வளவு வேலிகளுக்கு இடையில் ஓடும் ஒழுங்கையில் ஆள் போவதுபோல, நுழைத்து நுழைத்துக் கொண்டுபோகின்றன. போகும் வழியெல்லாம் ஒருவகை எச்சிலை விடுகின்றன. அது உடனே இறுகி ஊசியைச் சுற்றி உறையாகிவிடும். அங்கங்கே ஒரு கலத்தைக் குத்தி ருசி பார்ப்பதும் உண்டு. அந்தச் சில விநாடிக்குள்ளேயே சில வைரசுகள் செடிக்குள் போய்விடுகின்றன என்பதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

ஊசி போய்ச் சேரும் இடம் உரியம். இலையில் உண்டான சீனியைச் செடி முழுவதும் கொண்டு செல்லும் குழாய் அது. அந்தக் குழாயில் துளை விழுந்தால் செடி சும்மா இருக்காது. கல்சியம் உள்ளே பாயும், புரதங்கள் வீங்கிக் குழாயை அடைக்கும். அடைபட்டால் பூச்சிக்குப் பட்டினிதான். 2007இல் ஜேர்மனியின் கீசன் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வில், அழுக்கணவனின் நீர்த்த எச்சிலில் கல்சியத்தைப் பிடித்து வைக்கும் புரதங்கள் இருப்பதையும், அந்த எச்சில் பட்டதும் அவரைக் குடும்பச் செடியின் அடைப்பு திரும்பத் திறந்துகொள்வதையும் காட்டினார்கள். செடி மூடிய கதவைப் பூச்சி எச்சிலால் திறக்கிறது. இவ்வளவு சிறிய உடம்பில் இத்தனை நுட்பம் இருப்பதை நினைக்கும்போதெல்லாம், இலையைத் திருப்பிப் பார்க்காமல் மருந்துக்கு மருந்து மாற்றிக்கொண்டிருப்பது எவ்வளவு வீண் வேலை என்று எனக்குத் தோன்றும்.

இனி மிளகாய். உறைப்பைத் தரும் கப்சாயிசின் காய்க்குள், விதை ஒட்டியிருக்கும் அந்த வெண்தசையில்தான் உருவாகிறது. இலையில் அந்த உறைப்பு இல்லை. ஆகையால் இலையடியில் இருக்கும் வெண் ஈக்கு மிளகாயின் உறைப்பு ஒரு பொருட்டே அல்ல.

புகையிலையின் கதை வேறு. நிக்கொட்டின் வேரில் உருவாகிக் காழ் வழியே, அதாவது வேரிலிருந்து நீர் ஏறும் குழாய் வழியே, இலைக்கு ஏறுகிறது. உரியச் சாற்றைக் குடிப்பதால் அழுக்கணவன் அதில் பெரும்பகுதியைத் தவிர்த்துவிடுகிறது. ஆனாலும் முழுதாகத் தவிர்க்க முடியாது. உலகெங்கும் புகையிலையில் வாழ்வது மைசஸ் பேர்சிக்கே என்ற பச்சை அழுக்கணவனின் ஒரு கிளை. சாதாரண மைசஸ் புகையிலையில் சிரமப்படும், இந்தக் கிளை செழிக்கும். ஏன் என்று தேடியபோது, நிக்கொட்டினை உடைக்கும் ஒரு நொதியத்தின் பரம்பரையலகு, அதாவது மரபணு, இந்தக் கிளையில் பல பிரதிகளாகப் பெருகியிருப்பது தெரிந்தது. சில குலங்களில் நூறு பிரதி வரை. ஒரு பிரதியைவிடப் பல பிரதி இருந்தால் அவ்வளவு கூடுதலாக நொதியம் உண்டாகும். உள்ளே வந்த நஞ்சு நரம்பைத் தாக்க முன்பே உடைந்துபோகும். இந்த முடிவு 2013இல் வெளியானது.

உங்கள் போத்தலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். இமிடாகுளோபிரிட் என்ற மருந்தும் அதன் இனத்து மருந்துகளும் பூச்சியின் நரம்பில் போய்ப் பிடிக்கும் இடம், நிக்கொட்டின் பிடிக்கும் அதே இடம். அந்த இனத்துக்கே நியோநிக்கொட்டினொயிட் என்று பெயர். நிக்கொட்டினை உடைக்கப் பெருகிய அதே நொதியம் இந்த மருந்துகளையும் உடைக்க வல்லது என்பதையும் அந்த ஆய்வுகளே காட்டின. மருந்து கடைக்கு வந்தது 1990களில். புகையிலையில் வாழ்ந்த அழுக்கணவன் அதற்கு வெகுகாலம் முன்பே நிக்கொட்டினோடு பழகிவிட்டது. நீங்கள் அடிப்பது அதற்குப் புதிய நஞ்சு அல்ல. அதே அழுக்கணவன் பக்கத்துத் தறையில் நிற்கும் மிளகாயிலும் ஏறும்.

இப்போது கடைக்காரரின் யோசனையைப் பாருங்கள். அளவை இரட்டிப்பாக்கினால் முதலில் சாவது நொதியம் குறைந்த பூச்சிகள், அவற்றோடு பொறிவண்டும் ஒட்டுண்ணிக் குளவியும். தப்புவது நொதியம் கூடியவை. அழுக்கணவன் ஆண் இல்லாமலே குஞ்சு போடும். எங்கள் வெப்பத்தில் ஒரு குஞ்சு ஒரு கிழமை, பத்து நாளில் தானே தாயாகிவிடும். தாய்க்கு உள்ளது அப்படியே குஞ்சுக்கும் வரும். தப்பிய பத்து, அடுத்த மாதம் தறை முழுக்க நிற்கும், அத்தனையும் தாங்கும் பூச்சியாக. அடுத்த முறை நீங்கள் மூன்று மடங்கு அடிப்பீர்கள். இந்தக் கணக்கில் தோற்பவர் எப்போதும் தோட்டக்காரர்தான். இரண்டு மருந்தைக் கண்டபடி கலப்பதும் அதே வழிதான். இரண்டையும் ஒன்றாகத் தாங்கும் பூச்சியை நீங்களே தெரிந்தெடுத்து வளர்க்கிறீர்கள். அத்தோடு அந்த மிளகாயை யாரோ ஒருவர் திருநெல்வேலிச் சந்தையில் வாங்கித் தன் பிள்ளைக்குச் சமைப்பார். அதை மறக்க வேண்டாம்.

மாமாவின் கசாயத்துக்கும் இதே விடைதான். அவருடைய காலத்தில் அது கத்தரியிலும் பயற்றையிலும் வேலை செய்திருக்கும், பொய் இல்லை. நிக்கொட்டினைப் பழகாத பூச்சிக்கு நிக்கொட்டின் கடும் நஞ்சு. புகையிலையில் பிறந்து வளர்ந்த அழுக்கணவனுக்கு அதையே அடித்து என்ன பயன்? இன்னும் இரண்டு காரணத்துக்காக மிளகாய்க்கு அது வேண்டவே வேண்டாம். ஒன்று, புகையிலையில் சித்திர வடிவ வைரசு இருந்தால் அது கசாயத்தோடு மிளகாய்க்கும் தக்காளிக்கும் போகும். காய்ந்த புகையிலையிலும் உயிர்ப்போடு இருக்கக்கூடிய வைரசு அது. மற்றது, நிக்கொட்டின் தோலால் உடம்புக்குள் இறங்கும். ஈரப் புகையிலை வெட்டிய அன்று தலைசுற்றும் வாந்தியும் வருவது இதனால்தான். கசாயத்தை முதுகில் சுமந்து அடிக்கிறவருக்கு ஆபத்து இன்னும் கூட.

வெண் ஈக்கு வருகிறேன். சாறு உறிஞ்சும் பூச்சிகளில் என்னை ஆகக் கூடுதலாக வியக்க வைப்பது இதுதான். தென்னோலையில் சுருள் சுருளாக முட்டையிட்டு வெள்ளை பூசும் வெண் ஈ வேறு இனம், அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நான் சொல்வது மிளகாய், தக்காளி, கத்தரி, மரவள்ளி எல்லாவற்றிலும் வாழும் பெமிசியா ரபாசி.

பல செடிகள் பீனோலிக் கிளைக்கோசைட்டு என்ற நஞ்சுகளைச் செய்கின்றன. தான் செய்த நஞ்சு தன்னையே தாக்காமல் இருக்க, செடி அதனோடு ஒரு சிறு மூலக்கூற்றை ஒட்டி நஞ்சை அடக்கி வைக்கும். ஒட்டும் வேலையைச் செய்வது ஒரு நொதியம். 2021இல் சீன ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு என்னவென்றால், அந்த நொதியத்துக்கான பரம்பரையலகு வெண் ஈயின் உடலிலும் இருக்கிறது. வேறெந்தப் பூச்சியிலும் அதற்கு ஒத்தது இல்லை. செடிகளில்தான் இருக்கிறது. ஏறத்தாழ 35 மில்லியன் ஆண்டுகளுக்கு முன், ஏதோ ஒரு செடியிலிருந்து, அநேகமாக ஒரு வைரசின் வழியாக, அது வெண் ஈயின் மூதாதைக்குள் வந்து சேர்ந்து தங்கிவிட்டது என்று கணிக்கிறார்கள். செடியின் சொந்தக் காப்பையே எடுத்துக்கொண்டு செடியின் நஞ்சை அடக்குகிறது இந்தப் பூச்சி. செடியிலிருந்து பூச்சிக்கு ஒரு பரம்பரையலகு இயற்கையாகவே மாறி, அங்கே வேலையும் செய்வதாக நிறுவிய முதல் சான்று இதுதான். அந்த ஆய்வாளர்கள் ஆய்வுக்காக ஒரு தக்காளியைச் செய்தார்கள். அதன் சாற்றைக் குடித்த வெண் ஈயில் அந்தப் பரம்பரையலகு மட்டும் அடங்கிப் போகும். வெண் ஈ அநேகமாக எல்லாம் செத்தது. அதே தக்காளியில் இருந்த அழுக்கணவனுக்கும் சிற்றுண்ணிக்கும் ஒன்றும் ஆகவில்லை. இன்றைக்கு உங்கள் தோட்டத்துக்கு உதவாத செய்திதான். ஆனால் ஒரு பூச்சியின் ஒரே ஒரு வழியை அடைத்து மற்ற உயிர்களை விட்டுவிட முடியும் என்று காட்டியதால் எனக்கு அது பெரிய செய்தி.

வெண் ஈயின் இன்னொரு வழி உங்கள் தறையில் நேரடியாகத் தெரியும். செடிக்குள் இரண்டு காப்பு ஒழுங்குகள் இருக்கின்றன. கடிக்கும் பூச்சிக்கு எதிராக ஜஸ்மோனிக் அமிலம் சொல்லும் ஒழுங்கு ஒன்று. நோய்க்கிருமிக்கு எதிராகச் சலிசிலிக் அமிலம் சொல்லும் ஒழுங்கு மற்றது. ஒன்று மேலோங்கும்போது மற்றது பல வேளைகளில் தாழும். வெண் ஈயின் குஞ்சைத் தாக்கக்கூடியது முதலாவது. வெண் ஈ இலையில் இருந்து உறிஞ்சத் தொடங்கியதும் செடியில் எழும்புவது இரண்டாவது. நோய் வந்ததென்று செடி தவறாக விளங்கிக்கொள்கிறது, பூச்சிக்கு எதிரான காப்பு தணிந்துபோகிறது. 2019இல் தக்காளியில் செய்த ஆய்வு ஒன்று இன்னும் ஒரு படி போகிறது. வெண் ஈ பிடித்த செடி காற்றில் விடும் மணத்தை முகர்ந்த பக்கத்துச் செடிகளும் அதே தவறான ஒழுங்குக்குத் தயாராகின்றன. வெண் ஈ போய்ச் சேர முன்பே பக்கத்துச் செடி இளகி நிற்கிறது. தறையின் ஒரு மூலையில் தொடங்கிய வெண் ஈ ஏன் இவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று யாரும் கேட்டால் இதையும் ஒரு காரணமாகச் சொல்லலாம்.

அதற்குமேல் வைரசு. இலைச்சுருளலைக் கொண்டுவரும் வைரசுக் குடும்பத்தில் சிலவற்றோடு ஒரு துணைத்துண்டு சேர்ந்து வரும். அது செய்யும் ஒரு புரதம் செடியின் ஜஸ்மோனிக் காப்பை இன்னும் அமுக்குகிறது என்று சீனத்து வைரசு ஒன்றில் கண்டிருக்கிறார்கள். அப்படி நோய் பிடித்த செடியில் வெண் ஈ நன்றாகப் பெருகும். பெருகிய வெண் ஈ வைரசை அடுத்த செடிக்குக் கொண்டுபோகும். பூச்சியும் கிருமியும் ஒன்றுக்கொன்று உதவுகின்றன. ஆகவே சுருண்ட மிளகாய்க் கன்றை "தேறும், பார்ப்போம்" என்று தறையில் வைத்திருக்காதீர்கள். காய்க்கவும் மாட்டாது, வெண் ஈக்குத் தொட்டில்போல் நின்றுவிடும். நட்ட முதல் ஆறு கிழமைக்குள் சுருண்டதைப் பிடுங்கி, பையில் கட்டி, வெயிலில் காயவிட்டுப் புதையுங்கள். விடிய வெள்ளென, வெண் ஈ குளிரில் மந்தமாக இருக்கும்போது பிடுங்குவது நல்லது.

பிடுங்க முன் ஒன்றைப் பாருங்கள். சுருண்ட இலையெல்லாம் வைரசு அல்ல. இலை விளிம்பு மேல்நோக்கி வள்ளம்போல் மடிந்து, அடிப்பக்கம் வெள்ளி மினுக்கம் தெரிந்தால் பனிப்பூச்சி. விளிம்பு கீழ்நோக்கி மடிந்து, காம்பு நீண்டு, கொழுந்து தடித்திருந்தால் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி. நரம்பு தடித்து மஞ்சளோடி, செடி முழுக்கக் குறுகி நின்றால் வைரசு. சிற்றுண்ணி பூச்சி இனமே அல்ல. இமிடாகுளோபிரிட் அதற்கு ஒன்றும் செய்யாது. ஒரு கைவில்லை வாங்கிச் சட்டைப் பையில் வைத்திருங்கள், ஒரு போத்தல் மருந்தின் விலையைவிட மலிவு.

அடுத்தது பசளை. இதை நான் கொஞ்சம் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். உரியச் சாற்றில் சீனி நிறைய, அமினோவமிலம் குறைவு. அந்தக் குறையைத் தீர்க்க அழுக்கணவன் தன் உடலுக்குள்ளேயே புக்னேரா என்ற பற்றீரியாவை வைத்திருக்கிறது. அதுவும் போதாமல் சாற்றை மிகுதியாகக் குடித்து, மிஞ்சிய சீனியை வெளியே விடுகிறது. இலையில் பிசுபிசுக்கும் அந்தத் தேன்நீரும், அதில் வளரும் கரும்பங்கசும், அதைத் தேடி வரும் எறும்பும் அப்படி வந்தவைதான். நீங்கள் யூரியாவை அள்ளிப் போடும்போது சாற்றில் அமினோவமிலம் கூடுகிறது. பூச்சிக்கு எது குறைவோ அதையே நீங்கள் கொடுக்கிறீர்கள். செடி கரும்பச்சையாய்க் கொழுந்து விட்டு மென்மையாக நிற்கும், அதன் பீனோல் காப்பும் குறையும். அழுக்கணவனும் வெண் ஈயும் நைதரசன் கூடிய செடியில் விரைவாகப் பெருகும் என்பது பல பயிர்களில் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. மிஞ்சிய நைதரசன் எங்கே போகும்? செம்மண் வழியே சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, நீங்களும் நானும் குடிக்கும் கிணற்றுக்கு. எங்கள் தோட்டக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலகச் சுகாதார நிறுவன அளவைத் தாண்டியிருப்பது நெடுங்காலமாகத் தெரிந்த விடயம். ஆகையால் விவசாயத் திணைக்களம் மிளகாய்க்குச் சொல்லும் யூரியாவுக்கு மேல் ஒரு பிடிகூட வேண்டாம். சொன்ன அளவையும் ஒரே தடவையில் போடாமல் பிரித்துப் போடுங்கள். குழை தாழ்த்தி, மாட்டெரு போட்டுத் தறையைத் தயார் செய்யும் பழைய வழக்கம் இந்த இடத்தில் பெரிய துணை.

வேம்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். 1995இல் கனடா ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில் இதே மைசஸ் அழுக்கணவனை இரண்டு கூட்டமாக வளர்த்தார்கள். ஒரு கூட்டத்துக்கு வேம்பிலிருந்து பிரித்தெடுத்த அசாடிரக்ரின் மட்டும், மற்றதற்கு வேப்பம் விதைச் சாறு. நாற்பது தலைமுறையில் முதற்கூட்டம் ஒன்பது மடங்கு தாங்கப் பழகிவிட்டது. விதைச் சாற்றைக் கண்ட கூட்டத்தால் பழக முடியவில்லை. விதையில் ஒன்றல்ல, பல சேர்வைகள் ஒன்றாக இருக்கின்றன. ஒன்றை உடைக்கும் நொதியம் மற்றதை உடைக்காது. நெல்லிலும் இதையே கண்டோம். கபில நிறத் தத்தி என்ற சாறு உறிஞ்சும் பூச்சியைத் தாங்குமென்று 1973இல் வந்த ஐஆர் 26 நெல்லின் எதிர்ப்பு ஒரே ஒரு பரம்பரையலகில் நின்றது. சில ஆண்டுக்குள் தத்தி அதை வென்றது. எங்கள் நாட்டுப் பழைய நெல்லான இரத்து ஹீனட்டியின் எதிர்ப்பு நெடுங்காலம் நின்றது. 2015இல் ஆராய்ந்தபோது அதன் ஒரு பகுதியில் மட்டுமே மூன்று பரம்பரையலகுகள் கூட்டாக வேலை செய்வது தெரிந்தது. நீங்கள் கேட்ட தாங்கும் விதைக்கும் இதுதான் என் பதில். விதை உதவும், ஆனால் தனியே நின்று காக்காது. மிளகாய் நடுகிற பருவத்துக்கு முன் விவசாயப் போதனாசிரியரிடம் இலைச்சுருளலைத் தாங்கும் வர்க்கம் எது என்று கேட்டு வாங்குங்கள். வாங்கியபின் கீழே நான் சொல்லும் வேலைகளை விட்டுவிடாதீர்கள்.

சாறு உறிஞ்சும் பூச்சி ஒரே தடையைத் தொடர்ந்து சந்தித்தால் அதை வெல்லும். வேறு வேறு தடைகள் ஒரே நேரத்தில் வந்தால் திணறும். ஆகையால் உங்கள் தறையில் பல தடைகளை வையுங்கள்.

ஆகப் பெரிய தடை நாற்றுமேடையில். முளைத்த நாள் தொடக்கம் பிடுங்கி நடும் நாள் வரை, அங்குலத்துக்கு 50 கண் உள்ள பூச்சி வலையால் நாற்றை மூடுங்கள். ஓரத்தை மண்ணுக்குள் புதையுங்கள். இளம் நாற்றில் ஏறும் வைரசுதான் விளைச்சலை அழிப்பது. வளர்ந்த செடியில் பிந்தி வருவது அவ்வளவு கெடுக்காது. தறையைச் சுற்றி இரண்டு வரிசை சோளம், மிளகாய் நட முன்பே போட்டுவிடுங்கள். பறந்து வரும் அழுக்கணவன் முதலில் சோளத்தில் இறங்கிக் குத்தி ருசி பார்க்கும். நான் முதலில் சொன்ன அந்தச் சில விநாடிக் குத்தில் பரவும் வைரசு, சோளத்தில் குத்தியதோடு ஊசியிலிருந்து கழன்றுவிடும். மஞ்சள் ஒட்டுப்பொறியைச் செடி உயரத்தில் கட்டுங்கள். பூச்சியை அழிக்க அது போதாது, எப்போது வந்து இறங்குகிறது என்று அறியப் போதும்.

வேப்பம் விதைச் சாற்றுக்கு, ஆடி மாதத்தில் விழும் பழத்தைப் பொறுக்கித் தசை நீக்கி நிழலில் உலர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். பருப்பு 50 கிராம் இடித்து ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு ஊறவிட்டு, விடியத் துணியால் வடித்து, கொஞ்சம் சவர்க்காரம் கரைத்து, அன்று பின்னேரமே அடியுங்கள். வெயிலில் அதன் வீரியம் போய்விடும். இலையின் அடியில் படாவிட்டால் அடித்ததே வீண். முதலில் நாலைந்து செடியில் அடித்து இலை கருகுகிறதா என்று பாருங்கள்.

இரசாயனமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புகையிலையில் நியோநிக்கொட்டினொயிட் இனத்தை முற்றாக நிறுத்துங்கள். மிளகாயில் ஒரு போகத்துக்கு ஒரு தடவைக்கு மேல் வேண்டாம், பூத்த பிறகு தேனீக்காக அதுவும் வேண்டாம். வெண் ஈ விந்து சேராத முட்டையிலிருந்து ஆணைப் பெறும். தாங்கும் தன்மை ஆணில் மறைந்து நிற்க முடியாது, உடனே வெளிப்பட்டுத் தெரிந்தெடுக்கப்படும். அதனால் வெண் ஈயில் ஒரே மருந்து மிக விரைவாகப் பழுதாகும். மருந்தை மாற்றும்போது பெயரை மாற்றினால் போதாது. வேறு பெயரில் அதே இனம் வரும். வெண் ஈக் குஞ்சின் தோலுரிப்பைத் தடுக்கும் புப்ரோபெசின் போல, வேறு விதத்தில் வேலை செய்யும் ஒன்றை, பதிவு செய்யப்பட்டதா என்று போதனாசிரியரிடம் உறுதிப்படுத்தி வாங்குங்கள். லேபிளில் உள்ள காத்திருப்பு நாள் முடியாமல் காய் பிடுங்க வேண்டாம்.

அடிக்க முன் இலையடியைப் பாருங்கள். அழுக்கணவன் கூட்டத்தில் சிலது உப்பிப் பழுப்பு நிறமாக, அசையாமல், முதுகில் வட்டத் துளையோடு இருந்தால் ஒட்டுண்ணிக் குளவி வேலை தொடங்கிவிட்டது. பத்தில் இரண்டு மூன்று அப்படி இருந்தால் மருந்தைத் தள்ளிப் போடுங்கள். 2008இல் இந்த நாட்டுக்கு வந்து பப்பாசியை வெள்ளையாக மூடிய மாப்பூச்சியை, கடைசியில் அடக்கியது வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட ஒரு சின்னக் குளவி. பப்பாசிச் செடி எத்தனை மருந்தைக் கண்டது என்பது உங்கள் ஊரிலும் நினைவிருக்கும்.

இந்தக் கிழமை முதல் வேலையாகச் சீமைக்கிளுவைச் சோதனையைச் செய்யுங்கள். சுருண்ட மிளகாய் இலையையும் அழுக்கணவன் உள்ள புகையிலை இலையையும் தனித்தனிக் காகித உறையில், பொலித்தீனில் வேண்டாம், அவிந்துவிடும், எடுத்துக்கொண்டு உங்கள் கமநல சேவை நிலையத்துப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். எண்ணிக் குறித்ததையும் கொண்டுபோங்கள், அவருக்கு அது பெரிய உதவி. புகையிலை வெட்டி முடிந்ததும் அடிக்கட்டையைத் தறையில் விடாதீர்கள். அதில் துளிர்க்கும் கொழுந்தில்தான் தாங்கப் பழகிய அழுக்கணவனும் வைரசும் அடுத்த நடுகை வரை தங்கி நிற்கும். வேரோடு பிடுங்கிக் காயவிட்டு, குறைந்தது மூன்று கிழமை அந்தத் தறையில் புகையிலை, மிளகாய், கத்தரி, தக்காளி எதுவும் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெங்காயம் வைக்கலாம்.